அமெரிக்க ஹைஸ்கூல் ப்ராம், கிராஜுவேஷன் இரண்டையும் வெளிநாட்டிலிருந்து போய் நேரில் பார்த்தவர் யாராவது உண்டா? எப்படி இருந்தது?

பார்த்திருக்கிறேன், ஆனால் ப்ராமை, அதாவது பள்ளி முடிக்கும் பிள்ளைகள் ஜோடியாகப் போகும் நடன விருந்தை, வாசல் வரைக்கும்தான். 2018-இல் அம்மாவும் நானும் நியூ ஜெர்சியில் அக்கா வீட்டில் ஜூன் முடியத் தங்கியிருந்தோம். அக்கா மகள் அப்போது 12-ஆம் வகுப்பு. அங்கே சீனியர் என்பார்கள்.

ப்ராம் நடக்கும் மண்டபத்துக்குள் பெற்றோருக்கே இடமில்லை, விருந்தாளிக்கு எங்கே? நாம் பார்க்கக் கிடைப்பது கிளம்புவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம். அதுவே கல்யாண வீடு மாதிரிதான். முந்தின நாளே ஃப்ரிட்ஜில், தோசை மாவுக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் டப்பா வந்து உட்கார்ந்துவிட்டது. உள்ளே தண்டில் ரிப்பன் சுற்றிய ஒற்றை வெள்ளை ரோஜா. பூட்டனியர் என்று பெயர். கூட வரும் பையனின் கோட்டில் இவள் குத்திவிட வேண்டும். அவன் கொண்டுவரும் கோர்சாஜ் என்ற பூச்செண்டு இவள் மணிக்கட்டுக்கு.

பையன் டக்ஸிடோ என்ற வாடகை விருந்துக் கோட்டில் வந்தான். கோர்சாஜில் எலாஸ்டிக் இருந்ததால் கையில் சட்டென்று ஏறிவிட்டது. ரோஜாதான் படுத்தியது. மூன்று தடவை குத்தினாள், மூன்று தடவையும் பூ தலைகீழாகத் தொங்கியது. பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். கடைசியில் அக்கா வந்து, கோட்டின் மடிப்புக்குப் பின்பக்கமாக ஊசியை ஏற்றி ஒரே குத்தில் நிறுத்தினாள். இத்தனை வருடம் முந்தானையில் ஊக்கு குத்திய கை அது.

அம்மா என் காதில், "கட்டிக்கப்போற பையனாடா?" என்றார். அது பேத்தி காதில் விழுந்துவிட்டது. "ஐயோ பாட்டி, கெமிஸ்ட்ரி லேப்ல என் பார்ட்னர்."

"அப்புறம் எதுக்குடி பூ மாத்திக்கிறீங்க?"

அதற்கு யாரிடமும் பதில் இல்லை. அவளும் நண்பர்களுமாக ஆறு ஜோடி ஒரு நீளமான லிமோ காரில் ஏறிப் போனார்கள். வேன் வாடகைக்குச் சமம் என்றார் அத்தான், நான் நம்பவில்லை.

கிராஜுவேஷன் பள்ளியின் ஃபுட்பால் மைதானத்தில். வெளியே நடந்தால் வீட்டுக்கு 4 டிக்கெட், மழை வந்து ஜிம்முக்குள் மாற்றினால் 2 தான். நாங்கள் சரியாக 4 பேர். அந்த வாரம் முழுக்க அக்கா போனில் வானிலையைப் பார்த்தபடியே இருந்தாள். ஊரில் மழை வேண்டி விரதம் இருந்த அம்மா, அங்கே மழை வேண்டாம் என்று பிள்ளையாருக்குச் சிதறுகாய் நேர்ந்துகொண்டார். மழை வரவில்லை; அலுமினியப் படிக்கட்டு வெயிலில் காய்ந்து தோசைக்கல்லாகக் கிடந்தது. போகிறவர்கள் உட்காரத் துண்டு ஒன்று கொண்டுபோங்கள்.

முந்நூறு பேருக்கு மேல் அங்கியும் தட்டைத் தொப்பியுமாக நடந்து வந்து உட்காரும்வரை பேண்ட் வாத்தியம் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தது. எல்கர் என்ற ஆங்கிலேயர் 1901-இல் அமைத்த அணிவகுப்பு இசை அது. 1905-இல் யேல் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தபோது வாசித்தார்கள். அங்கிருந்து அமெரிக்கப் பள்ளிகளில் பரவலாக ஒட்டிக்கொண்டது. நமக்குக் கல்யாணத்தில் கெட்டிமேளம் எப்படியோ, அவர்களுக்கு இது.

கடைசிப் பெயர் வரைக்கும் கைதட்ட வேண்டாம் என்று மைக்கில் சொன்னார்கள். முதல் பெயருக்கே பின்வரிசையில் ஹாரன் அலறியது. எங்கள் பெண் தன் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று அட்டையில் அசை பிரித்து எழுதிக் கொடுத்திருந்தாள். அப்படியும் வாசித்தவர் அவள் அப்பா பெயரில் தடுக்கி விழுந்து எழுந்தார். அதைப் பற்றிக் கவலைப்படாமல் அம்மா குலவை போட்டார். முன்வரிசைப் பெண்மணி திரும்பிப் பார்த்து, கட்டை விரலை உயர்த்தினார்.

பிறகு தொப்பிக் குஞ்சத்தை வலமிருந்து இடத்துக்கு மாற்றினார்கள், தொப்பிகள் பறந்தன, முடிந்தது. அவள் ஓடிவந்து பாட்டி கையில் சான்றிதழ் அட்டையைக் கொடுத்தாள். திறந்தால் காலி! உண்மையான சான்றிதழை அங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வாங்க வேண்டுமாம்.

அதைப் பேசி முடிப்பதற்குள் அவள் பஸ் ஏறிவிட்டாள். அன்றிரவு பிள்ளைகள் குடித்துவிட்டு வண்டி ஓட்டிவிடக் கூடாது என்று பெற்றோர்களே சேர்ந்து விடியவிடிய நடத்தும் கொண்டாட்டம் அது. 1980-இல் மெய்ன் மாநிலத்தில் தொடங்கிய வழக்கம். எங்கே கூட்டிப்போகிறார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. நாங்கள் நாலு பேரும் அந்தக் காலி அட்டையுடன் வீட்டுக்கு வந்தோம். அதிகாலை ஐந்து மணிக்கு நானும் அத்தானும் காரை எடுத்துக்கொண்டு பள்ளி வாசலுக்குப் போனபோது, அவள் செருப்பைக் கையில் பிடித்தபடி நடைபாதையில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.