சென்னையிலேயே ஒரு கோடை விடுமுறை

வணக்கம்.

நாங்கள் பெரம்பூரில் வசிக்கிறோம். என் கணவருக்கு மே மாத நடுவில் ஒரு வாரம் விடுப்பு கிடைத்திருக்கிறது. சென்ற ஆண்டு கொடைக்கானல் போய், பாதி நேரம் மலைப்பாதை நெரிசலில் வண்டிக்குள்ளேயே கழிந்தது. ஆகவே இம்முறை சென்னையிலேயே இருந்துவிடலாம் என்று சொன்னேன். ஆறாவதும் மூன்றாவதும் படிக்கும் பிள்ளைகள் அன்றிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதியில் இரண்டு இரவுகளாவது தங்கலாம் என்கிறார் கணவர். இந்தக் கத்திரி வெயிலில் உள்ளூர் விடுமுறை என்பது நடக்கிற காரியமா, அல்லது தொலைக்காட்சி முன்னாலேயே வாரம் போய்விடுமா?

ம., பெரம்பூர்

அன்புள்ள ம. அவர்களுக்கு,

நடக்கிற காரியம்தான். ஆனால் உங்கள் கடிதத்தில் சமையலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பது எனக்குச் சற்றுக் கவலை தந்தது. கொடைக்கானலில் எத்தனை நெரிசலில் சிக்கினாலும் நீங்கள் அங்கே அடுப்பு மூட்டவில்லை. உள்ளூரில் இருந்துவிட்டால், எல்லோரும் வீட்டில் இருக்கிறார்கள் என்பதனாலேயே வழக்கமான நாளைவிட இரண்டு பாத்திரம் கூடுதலாக ஏறும். சாயங்காலம் பிள்ளைகள் பஜ்ஜி கேட்பார்கள். விடுமுறை மற்ற மூவருக்கும் கிடைக்கும், உங்களுக்குக் கிடைக்காது. நம் வீடுகளில் இத்தகைய விடுமுறைகள் கெடுவது பெரும்பாலும் வெயிலால் அல்ல, இதனால்தான். ஆகவே அந்த ஒரு வாரம் காலைக் காப்பியைத் தவிர வேறெதற்கும் அடுப்பு எரியாது என்பதை முதலிலேயே குடும்பமாகப் பேசி முடிவுசெய்யுங்கள். விடுதிக்கென்று கணவர் ஒதுக்கியிருக்கும் பணத்தில் பெரும்பகுதியை உணவகத்துக்கும் ஆட்டோவுக்கும் திருப்பிவிட்டால் கணக்குச் சரியாகிவிடும் என்றே நினைக்கிறேன்.

இனி வெயில். சென்னையின் மே மாதம் முழுநாளும் ஒரே மாதிரிக் கொதிப்பதில்லை. அதன் போக்கைக் கடற்காற்று தீர்மானிக்கிறது. காலையில் மேற்கிலிருந்து வீசும் வறண்ட தரைக்காற்று வலுவிழந்தால் நண்பகலை ஒட்டியே கடற்காற்று உள்ளே நுழைந்து வெப்பத்தைத் தணித்துவிடும். தரைக்காற்று வலுவாக நின்று அதைத் தடுத்துவிட்டால் பிற்பகல் மூன்று மணி வரைகூட வெப்பம் ஏறிக்கொண்டே போகும். 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவைதான். கரைக்கு அருகில் உள்ள நுங்கம்பாக்கத்தைவிட உள்ளே தள்ளியிருக்கும் மீனம்பாக்கத்தில் பல நாட்களில் கூடுதல் வெப்பம் பதிவாவதற்கும் இதுவே முக்கியக் காரணம். இதை அறிந்துகொண்டால் நாளை எப்படிப் பிரிப்பது என்பது தானே விளங்கிவிடும்: விடியலில் வெளியே, பத்து மணி முதல் நான்கு மணி வரை கூரைக்குக் கீழே, அதன்பின் மறுபடியும் வெளியே. பகலில் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபமே வருகிறது.

நண்பகல் நேரத்துக்கு நான் முதலில் சொல்வது எழும்பூர் அரசு அருங்காட்சியகம். 1851இல் தொடங்கப்பட்ட அதன் பல கட்டடங்களையும் ஒரே நாளில் பார்த்து முடிக்க முயன்றால் பிள்ளைகள் இரண்டாவது கூடத்திலேயே சோர்ந்துவிடுவார்கள். விலங்கியல் பகுதியில் உள்ள திமிங்கல எலும்புக்கூட்டைக் காட்டி அவர்களை வசப்படுத்திவிட்டு, நேராகச் செப்புத் திருமேனிகளின் கூடத்துக்குப் போங்கள். அங்கே திருவாலங்காட்டு நடராசர் இருக்கிறார். நாம் பார்த்துப் பழகிய நடராசர்களைச் சுற்றி நெருப்பு வளையமான திருவாசி இருக்கும். இவருக்கு அது இல்லை. அதனால் கண் வேறெங்கும் சிதறாமல், தூக்கிய இடது காலும் உடலின் எடை முழுவதையும் தாங்கி மடங்கி நிற்கும் வலது முழங்காலும் மட்டுமே தெரியும். உங்கள் மூத்த பிள்ளையை அதே நிலையில் பத்து எண்ணும் வரை நிற்கச் சொல்லுங்கள். சிற்பியின் திறமையைப் பற்றி அதன்பின் நீங்கள் ஒன்றும் விளக்க வேண்டியிருக்காது. திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரும் அதே தொகுப்பில்தான் இருக்கிறார்.

மற்றொரு பகலைக் கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குக் கொடுக்கலாம். சிறுவர் பகுதியில் செயற்கை மரம் ஒன்றின் அடியில் உட்கார்ந்து படிக்க இடம் இருக்கிறது. உங்கள் இளைய பிள்ளை அங்கிருந்து எழுந்து வர மறுக்கும் வாய்ப்பே அதிகம். அன்று வேறெந்தத் திட்டமும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

விடியலைப் பொறுத்தவரை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தைப் பலரும் பரிந்துரைப்பார்கள். ஆனால் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நீங்கள் போகும்போது அவை வரிசையாகக் கட்டிக் கிடக்கும், வலை பின்னுவதும் படகு பழுதுபார்ப்பதும் நடந்துகொண்டிருக்கும், சிறு படகுக்காரர்கள் கொண்டுவரும் மீன் மட்டுமே ஏலத்துக்கு வரும். மீன் வாங்கப் போனால் விலை கையைக் கடிக்கும் (அடுப்பு எரியக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும்). வேடிக்கை பார்க்கப் போனால் கூட்டமில்லாத இந்தக் காலமே பிள்ளைகளுக்கு நல்லது. மாலையில் கடற்கரை நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறி வேளச்சேரி வரை போய் வாருங்கள். மயிலாப்பூரில் இறங்கி மாட வீதிகளைச் சுற்றலாம். வழியில் நுங்கு கண்ணில் பட்டால் விடாதீர்கள். மாம்பழத்தில் ருமானி வந்துவிட்டதா என்றும் விசாரியுங்கள். உருண்டையாக, மெல்லிய தோலோடு இருக்கும் அந்தப் பழம் செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கத்தில் விளைவது.

பிள்ளைகளின் கோபத்துக்கு ஒரு வழி, ஒரு நாளை முழுக்க அவர்கள் கையில் கொடுத்துவிடுவது. அவர்கள் பேரங்காடியைத்தான் தேர்வார்கள் என்றாலும் மறுக்காதீர்கள்.

அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமையும், மெரினா கலங்கரை விளக்கத்துக்குத் திங்கட்கிழமையும் வார விடுமுறை. விடுதியைக் கைவிடக் கணவருக்கு மனமே இல்லையென்றால், சனி ஞாயிறைத் தவிர்த்து வார நாளில் ஒரே ஓர் இரவுக்கு அறை எடுக்கச் சொல்லுங்கள். வாடகையும் குறையும், நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு இடமும் இருக்கும்.