சீமொஸ் பட்டரியும் கோட்டை வாசல் கல்லும்

அன்புள்ள அண்ணா,

நான் திருகோணமலையில் இருந்துகொண்டு ஒரு வெளிநாட்டுக் கொம்பனிக்கு மென்பொருள் எழுதுகிறேன். உவர்மலையில் ஒரு வீட்டின் மேல்மாடியில் ஐந்து பேர் ஒன்றாக இருந்து வேலை செய்கிறோம். பின்னேரம் வேலை முடிந்ததும் டச்சுக்குடாக் கடற்கரைக்குப் போவோம். அங்கே எங்களுக்குள் ஒரு விளையாட்டு. ஒருவர் கொம்பியூட்டர் உறுப்பு ஏதாவது ஒன்றின் சுருக்கப் பெயரைச் சொல்ல, மற்றவர் அதன் விரிவைச் சொல்ல வேண்டும். பழைய சிப்களின் இலக்கங்களும் வரும். தோற்றவர் எல்லோருக்கும் இறால் வடை வாங்க வேண்டும்.

போன கிழமை ஒரு கேள்வியில் சிக்கிவிட்டோம். மதர்போர்டில் இருக்கும் வட்டப் பட்டரியை ஏன் ‘சீமொஸ் பட்டரி’ என்கிறார்கள்? சீமொஸ் என்பது சிப் செய்யும் ஒரு முறை. இன்றைக்கு ப்ரோசசரும் சீமொஸ், ராமும் சீமொஸ். எல்லாமே சீமொஸ் என்றால் அந்த ஒரு பட்டரிக்கு மட்டும் அந்தப் பெயர் எப்படி வந்தது? எங்களோடு வேலை செய்யும் அக்கா, “இதெல்லாம் தேடினால் ஒரு செக்கனில் கிடைக்கும். பாடமாக்கி என்ன பயன்?” என்று கேட்டார். எனக்கு அதற்கும் பதில் தெரியவில்லை. நீங்கள் முன்பு திருத்த வேலை செய்தவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

ச., உவர்மலை

அன்புள்ள தம்பி,

உங்கள் அக்கா கேட்டது நியாயமான கேள்வி. விரிவைக் கேட்டு விரிவைச் சொல்வதோடு ஆட்டம் முடிகிறது என்றால் நானும் அவர் பக்கம்தான். பேர்சனல் கொம்பியூட்டர் மெமரி கார்ட் இன்டர்நாஷனல் அசோசியேஷன் என்று ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்தவருக்கு, லப்டொப்பில் செருகும் பீசீஎம்சீஐஏ கார்டைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அந்தப் பெயர் புழக்கத்தில் இருந்த காலத்தில், கொம்பியூட்டர்த் தொழிலின் சுருக்கப் பெயர்களை மனிதரால் பாடமாக்க முடியாது என்று பொருள்படும் இன்னொரு ஆங்கில விரிவும் அதே ஆறு எழுத்துக்கு உலவியது. பிறகு அவர்களே அதை ‘பீசீ கார்ட்’ என்று மாற்றிக்கொண்டார்கள்.

சீமொஸ் கேள்வி அந்த வகை அல்ல. உங்களுக்கு அது இடித்ததே நல்ல அறிகுறி.

1981இல் வந்த முதல் ஐபிஎம் பீசீயில் பட்டரி கிடையாது. எத்தனை ஃப்ளொப்பி, எவ்வளவு மெமரி என்பதை போர்டில் இருந்த குட்டிக் குட்டி டிப் சுவிட்சுகளைத் தள்ளித்தான் சொல்லவேண்டும். மெஷினைப் போடும்போதெல்லாம் டொஸ் என்ற இயக்க மென்பொருள் உங்களிடம் திகதியும் நேரமும் கேட்கும். 1984இல் பீசீ ஏரீ வந்தபோது இந்தத் தொல்லையைத் தீர்க்க மோட்டோரோலாவின் 146818 என்ற மணிக்கூட்டுச் சிப்பை வைத்தார்கள். அதற்குள் 64 பைட். 14 பைட் மணிக்கூட்டுக்குப் போக மிச்சம் 50 பைட்டில் மெஷினின் அமைப்பு விபரங்கள் எல்லாம் அடங்கின. கரண்ட் இல்லாத நேரத்திலும் மணிக்கூடு ஓட வேண்டும், அந்த 50 பைட் மறக்கக்கூடாது. அதற்கு, பட்டரியில் மாதக்கணக்காகத் தாக்குப்பிடிக்கிற சிப் தேவை. அன்றைக்கு அது சீமொஸ்ஸால் மட்டும்தான் முடியும்.

ஏன் என்பதுதான் இதில் சுவையான இடம். சீமொஸ் என்பதில் முதல் சீ, ‘கொம்ப்ளிமென்டரி’. ஒன்றுக்கொன்று எதிராக நடக்கிற இரண்டு வகை ட்ரான்சிஸ்டர்களைச் சோடியாக வைப்பது. எங்கள் பழைய வீடுகளின் நடையை நினைத்துக்கொள்ளுங்கள். முன்கதவு திறக்கும்போது பின்கதவு சாத்திக்கொள்ளும், பின்கதவு திறக்கும்போது முன்கதவு சாத்திக்கொள்ளும் என்று ஒரு ஒழுங்கு வைத்தால் காற்று ஒருபோதும் குறுக்கே ஓடாது. மாறுகிற அந்தக் கணத்தில் மட்டும் கொஞ்சம் ஓடும். மின்னும் அப்படித்தான். சிப் சும்மா இருக்கும்போது கரண்ட் ஏறக்குறைய இழுக்காது. மற்ற வகைகளான என்மொஸ்ஸிலும் ரீரீஎல்லிலும் சும்மா இருக்கும்போதும் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும், கையை வைத்தால் சூடு தெரியும். ஃப்ராங்க் வான்லாஸ் என்பவர் ஃபெயார்சைல்ட் கொம்பனியில் இருந்தபோது 1963இல் இந்தச் சோடி யோசனையைக் கொண்டுவந்தார். ஆனால் ஆரம்பகாலச் சீமொஸ் மெதுவானது. வேகம் வேண்டியவர்கள் ரீரீஎல் பக்கமும் என்மொஸ் பக்கமும் போனார்கள். கைமணிக்கூடு, கல்குலேட்டர் போன்ற பட்டரிச் சாமான்களுக்குத்தான் சீமொஸ் என்ற நிலை கொஞ்சக்காலம் இருந்தது.

ஆகவே 1984இல் அந்த போர்டைப் பார்த்தவருக்கு மற்றச் சிப்களில் இருந்து அதைப் பிரித்துக் காட்ட ‘சீமொஸ்’ என்ற ஒரு சொல் போதும். இன்றைக்கு மெல்லிய ட்ரான்சிஸ்டர்களைக் கோடிக்கணக்கில் அடுக்கும்போது சூடுதான் முதல் எதிரி என்றாகி, எல்லோரும் சீமொஸ்ஸுக்கே வந்துவிட்டார்கள். ஒரு தெருவில் ஒரேயொரு கல்வீடு இருந்தபோது ‘கல்வீடு’ என்று கூப்பிட்ட வீட்டை, தெரு முழுக்கக் கல்வீடான பிறகும் அப்படியே கூப்பிடுகிறோம் அல்லவா? உங்கள் பட்டரியின் பெயர் அந்த வகை. அந்தப் பட்டரியில் எழுதியிருக்கும் சீஆர்2032 என்பதையும் வாசிக்கலாம்: 20 மில்லிமீற்றர் விட்டம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு.

இதே பெயரில் இருக்கும் எம் என்ற எழுத்தையும் கவனியுங்கள். அது ‘மெட்டல்’, உலோகம். முதற்காலத்தில் ட்ரான்சிஸ்டரின் கேட், அதாவது கரண்டை ஓடவிடவும் நிறுத்தவும் செய்யும் பகுதி, அலுமினியத்தால் ஆனது, அதனால் அந்தப் பெயர். அறுபதுகளின் கடைசியிலேயே கேட்டைச் சிலிக்கனால் செய்யத் தொடங்கிவிட்டார்கள். 1971இல் வந்த இன்டெல் 4004இலேயே சிலிக்கன் கேட்தான். பிறகு பல பத்து ஆண்டுகள் பெயரில் உலோகம் இருந்தது, கேட்டில் உலோகம் இல்லை. 2007இல் இன்டெல் 45 நானோமீற்றர் சிப்களைச் செய்தபோது உலோகக் கேட்டைத் திரும்பக் கொண்டுவந்தது. எம் மறுபடியும் உண்மையானது. கடற்கரையில் கேட்பதற்கு இதைவிட நல்ல கேள்வி என்னிடம் இல்லை.

இனி அக்காவின் கேள்வி. அதற்கு நான் பட்ட ஒன்றைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நகரத்தில் ஒரு திருத்தும் கடையில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். ஒரு ஐஸ் தொழிற்சாலையின் கட்டுப்பாட்டு போர்ட் வந்தது. இஸட்80 ப்ரோசசர், நாலைந்து ரீரீஎல் சிப், நடுவில் புரோகிராமை வைத்திருக்கும் ஒரு 2764 ஈப்ரொம் சிப். மெஷினைப் போட்டால் சில நிமிடம் ஒழுங்காக ஓடும், பிறகு கண்டபடி வால்வைத் திறந்து மூடும். நான் இரண்டு நாளாகக் கண்டென்சர்களை மாற்றினேன், ஈயப் பற்றுகளைத் திரும்பச் சூடாக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. கடை மாஸ்டர் வந்து போர்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். மல்டிமீற்றரைத் தொடவேயில்லை. “முதல்ல அதின்ர கண்ணை மூடு” என்றார்.

2764ஐ நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். 28 கால், சாம்பல் நிறச் செரமிக் உடம்பு, முதுகின் நடுவில் வட்டமாக ஒரு குவார்ட்ஸ் கண்ணாடி. அதற்குள் குனிந்து பார்த்தால் சிலிக்கன் துண்டு தெரியும். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய சதுரம், சரித்துப் பிடித்தால் மயில்தோகை போல நிறம் மாறும். அதன் ஓரங்களில் இருந்து தலைமயிரைவிட மெல்லிய கம்பிகள் கால்களுக்குப் போகும். 8 கிலோபைட் புரோகிராம் அந்தச் சதுரத்துக்குள் இருக்கிறது. புறஊதா வெளிச்சம் அந்தக் கண்ணாடியூடாகப் பட்டால் அழிந்துவிடும் என்பதால் அதன் மேல் ஒரு தாளை ஒட்டி வைப்பார்கள். இந்தத் தாள் உப்புக்காற்றில் பசை விட்டு எப்போதோ விழுந்திருந்தது. பெட்டியின் மூடியும் இல்லை. தொழிற்சாலையில் அது இருந்த இடம் மேற்கு ஜன்னலோரம்.

ஈப்ரொம் என்பதன் விரிவு எனக்கு அன்றைக்கே தெரியும், தம்பி. ‘இரேசபிள் புரோகிராமபிள் ரீட் ஒன்லி மெமரி’ என்று கொப்பியில் எழுதியும் வைத்திருந்தேன். எதனால் இரேசபிள் என்பதை நான் ஒருபோதும் நினைத்துப் பார்க்கவில்லை. டொவ் ஃப்ரோமான் 1971இல் இன்டெல்லில் இதைச் செய்தபோது கண்டுபிடித்த விஷயமே அதுதான். சுற்றிவர மின்கடத்தாப் பொருளால் அடைத்த ஒரு மிதக்கும் கேட்டில் எலக்ட்ரோன்களைச் சிறைவைத்தால் அவை ஆண்டுக்கணக்காக அங்கேயே இருக்கும். புறஊதாக் கதிர் அவற்றுக்குத் தப்பி ஓடும் சக்தியைக் கொடுக்கும். விளக்கின் கீழ் வைத்தால் இருபது நிமிடம் வரையில் எல்லாம் அழியும். நேர் வெயிலில் ஏறக்குறைய ஒரு கிழமை போதும் என்று சிப்போடு வரும் தரவுத்தாளிலேயே எழுதியிருந்தார்கள். டியூப்லைட் வெளிச்சத்துக்கு மூன்று ஆண்டு.

ஈப்ரொம்மை வாசித்து எழுதும் கருவியில் போட்டு வாசித்தபோது சில பைட்டுகளில் பூச்சியம் இருந்த இடங்களில் ஒன்று வந்திருந்தது. ஈப்ரொம் அழிந்தால் பூச்சியம் வராது, எல்லாம் ஒன்றாகும். இதுவும் உங்கள் ஆட்டத்துக்கு நல்ல கேள்வி. அதே தொழிற்சாலையில் இரண்டாவது மெஷின் ஒன்று இருந்தது நல்ல காலம். அதன் சிப்பை வாசித்து, கெட்டுப்போனதை முழுக்க அழித்துத் திரும்ப எழுதினோம். இந்த முறை ஒளி புகாத ஈயத்தாள் ஒட்டினேன். நீங்கள் சட்டைப்பையில் கொண்டு திரியும் பென் டிரைவிலும் எலக்ட்ரோன்களைச் சிறைவைக்கும் அதே யோசனைதான் வேலை செய்கிறது, வெளிச்சத்துக்குப் பதில் மின்னால் அழிக்கிறார்கள். ஒரே நேரத்தில் முழுப் பகுதியும் அழிவது கமராவின் பளிச்சொளி போல இருக்கிறது என்று தொஷிபாவில் ஃபுஜியோ மசுவொகாவின் சகபாடி ஒருவர் சொல்லப்போய், ‘ஃப்ளாஷ்’ என்ற பெயர் வந்தது. அது சுருக்கப் பெயரே அல்ல.

எனக்கு அந்த இரண்டு நாளில் குறைந்தது விரிவு அல்ல. அந்தப் பெயரை வைத்தவருக்கு இருந்த பிரச்சினை என்ன என்ற அறிவு. தேடினால் விரிவு ஒரு செக்கனில் வரும் என்று அக்கா சொல்வது சரி. ஆனால் மூடியில்லாத ஒரு போர்ட் ஜன்னலோரம் இருப்பதைக் கண்டதும் மனதில் வெயில் உறைக்க வேண்டும். அந்த நேரத்தில் எதைத் தேடுவது என்பதே தெரியாதவனாக நான் இருந்தேன்.

நீங்கள் கோணேசர் கோயிலுக்குப் போகும்போது கோட்டை வாசலால்தானே போகிறீர்கள்? அடுத்த முறை மானுக்குப் பழத்தோல் கொடுக்கும் முன் வாசற்கல்லைக் கொஞ்சம் பாருங்கள். இரட்டை மீன் சின்னமும் பக்கத்தில் சிதைந்த தமிழ் எழுத்துகளும். 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து அந்தக் கற்களாலேயே கோட்டையைக் கட்டினார்கள். குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த திருப்பணியைப் பின்னால் பறங்கி பிரிப்பான் என்று அந்த எழுத்துகளை எங்கள் ஊர் வாசித்து வந்திருக்கிறது. கல்லில் முழுதாக இல்லாததைச் சனங்கள் நினைவால் நிரப்பினார்கள்.

பழைய கல் புதிய சுவருக்குள் இருந்து பாரம் தாங்குவது உங்கள் தொழிலிலும் உண்டு. இன்டெல்லின் 8086 ப்ரோசசருக்கு, மெமரியின் இடத்தைக் குறிக்கும் முகவரிக் கம்பி 20, ஏ0 முதல் ஏ19 வரை. ஒரு மெகாபைட்டைத் தாண்டினால் முகவரி சுற்றி மறுபடி பூச்சியத்துக்கு வரும். அதை நம்பியே சில புரோகிராம்கள் எழுதப்பட்டன. பிறகு வந்த 286 ப்ரோசசருக்கு 24 கம்பி வந்ததும் அவை உடைந்தன. அவற்றைக் காப்பாற்ற ஐபிஎம் ஏ20 கம்பிக்கு ஒரு கதவு போட்டது. அந்தக் கதவின் திறப்பை எங்கே வைத்தார்கள் தெரியுமா? கீபோர்டைக் கவனிக்கும் 8042 சிப்பில் ஒரு கால் சும்மா இருந்தது, அதில். மெமரிக்கும் கீபோர்டுக்கும் என்ன உறவு என்று பார்ப்பவர் தலையைச் சொறிவார், கதை தெரிந்தவருக்கு அது வாசற்கல்.

ஆட்டத்தைக் கைவிடாதீர்கள். விரிவுக்கு அரைப் புள்ளி, அந்தப் பெயர் எந்தத் தொல்லைக்குப் பிறந்தது என்று சொல்பவருக்கு முழு வடை என்று மாற்றுங்கள். ராம் என்றால் ‘ரண்டம் அக்சஸ்’ என்று சொன்னவரிடம், ரோமையும் எந்த இடத்திலும் நேரே வாசிக்கலாமே, பிறகேன் இதற்கு மட்டும் அந்தப் பெயர் என்று கேளுங்கள். வேண்டிய இடம் சுற்றி வரும்வரை காத்திருந்து வாசிக்கும் நாடாவும் டிரம்மும் இருந்த காலத்துக்கு அவர் போக வேண்டி வரும். 487எஸ்எக்ஸ் என்ன செய்தது என்று கேளுங்கள். கணக்குச் சிப் என்று விற்கப்பட்ட அது உண்மையில் ஒரு முழு 486 ப்ரோசசர். பொருத்தியதும் பழைய ப்ரோசசரை ஓய வைத்துவிட்டு எல்லா வேலையையும் தானே பார்த்தது. ஆர்ம் என்ற ப்ரோசசரின் பெயரில் ஏ முதலில் ‘ஏகோர்ன்’, அதைச் செய்த கொம்பனி. 1985இல் அதன் முதல் சிப்பைச் சோதித்த ஸ்டீவ் ஃபர்பர், அம்மீற்றர் பூச்சியம் காட்டியதைக் கண்டு தேடியபோது பவரே கொடுக்கப்படவில்லை என்று தெரிந்தது. மற்றக் கம்பிகளில் இருந்து கசிந்த மின்னில் சிப் ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்கு உங்கள் போனில் ஏன் அதன் வம்சம் இருக்கிறது என்பதற்கு அந்தப் பூச்சியத்தில் இருந்தே கதை தொடங்கலாம்.

எங்கள் ஊர்ச் சங்கதி ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைக்கு வந்தபோது அவற்றை முன்கூட்டியே கண்டது இங்கிருந்த ராடார். ‘ரேடியோ டிடெக்ஷன் அண்ட் ரேஞ்சிங்’ என்பதன் சுருக்கம் அது, அமெரிக்கக் கடற்படை 1940இல் வைத்த பெயர். அன்றைய குண்டுச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த கிழவர்கள் ‘ராடார்’ என்று சொல்லும்போது அது ஒரு முழுச் சொல்லாகவே வாயில் வந்தது.

அந்த 2764 இன்னும் என்னிடம் இருக்கிறது. தொழிற்சாலை மூடியபோது போர்டைக் கழற்றிக் கொடுத்தார்கள். ஒரு ஞாயிறு டச்சுக்குடாவுக்குக் கொண்டுவருகிறேன், அக்காவையும் வரச் சொல்லுங்கள். ஈயத்தாளை உரித்து உள்ளே காட்டுகிறேன். வெயில் சாய்ந்த பிறகு வருவேன்.