குதிரைத் தபால் நிலையம் எதுவும் மிச்சம் இருக்கிறதா?

குதிரைத் தபால் (போனி எக்ஸ்பிரஸ்) என்பது நிலையத்துக்கு நிலையம் குதிரை மாற்றி ஓட்டிக் கடிதங்களைக் கொண்டுபோன அமெரிக்கச் சேவை. அதன் நிலையங்களில் பழைய இடத்திலேயே, பெரிதாக மாறாமல் ஒன்று நிற்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். நிற்கிறது, அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், ஹனோவர் ஊருக்குப் பக்கத்தில். ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஹாலன்பெர்க் என்பவர் ஓரிகானுக்கும் கலிபோர்னியாவுக்கும் மாட்டுவண்டி கட்டிப் போன கூட்டத்தை நம்பி 1857 வாக்கில் போட்ட நீளமான மரவீடு அது. கீழே குடும்பம், கடை, சாப்பாடு, தபால் எல்லாம் ஒரே கூரைக்குள், மேலே பரணில் ஆட்கள் படுத்துக்கொள்வார்கள். கோச்சு வண்டிகளும் அங்கே நின்று போயின. 1860 ஏப்ரலில் குதிரைத் தபால் தொடங்கியது, அடுத்த வருடம் அக்டோபரில் தந்திக் கம்பி நாட்டின் இரு முனைகளையும் இணைத்ததும் நின்றே போனது. இவ்வளவு பேர்பெற்ற சேவை ஓடியது ஒன்றரை வருடத்துக்குச் சற்றே கூடுதலான காலம்தான்! சரி, கட்டடம் எப்படித் தப்பியது? 1941இல் மாநில அரசு கையில் எடுத்தது, அதுதான் காப்பாற்றியது.