விடுப்பில் பயணியாக வரும் விமானப் பணியாளருக்குச் சுங்கவரி எப்படி?

ஐயா, வளைகுடா விமான நிறுவனம் ஒன்றில் பணிப்பெண்ணாக இருக்கும் தங்கள் மகள் விடுப்பில் ஸ்டாஃப் டிக்கெட்டில் வரும்போது, சுங்கத்தில் அவரைப் பணியாளராகக் கொள்வார்களா, பயணியாகக் கொள்வார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். பயணியாகத்தான் கொள்வார்கள். பார்க்கும் வேலை எதுவானாலும், அந்தப் பயணத்தில் எந்த நிலையில் வந்து இறங்குகிறார் என்பதே கணக்கு.

தூத்துக்குடியில் சுங்க முகவர் அலுவலகம் ஒன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். பாளையங்கோட்டையில் என் அண்ணன் மகளுக்கும் இதே வேலைதான். 2019-இல் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு அவள் புறப்பட்டபோது, "சித்தப்பா, எங்களுக்கு 1,500 ரூபாய்க்கு மேல் எதுவும் கொண்டுவரக் கூடாதாமே" என்று பதறிப்போய்க் கேட்டாள். உடன் வேலை பார்ப்பவர்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது வேலையில் பறந்து வருகிறவர்களுக்கு உரியது. அப்போது நடப்பில் இருந்த 2016-ஆம் ஆண்டு பேக்கேஜ் (பயணச் சாமான்) விதிகளின்படி, பணியில் வரும் விமானப் பணியாளர் சாக்லேட், பாலாடைக்கட்டி, அழகுசாதனம் போன்ற சிறு பரிசுப் பொருள்களை 1,500 ரூபாய் மதிப்பு வரை கொண்டுவரலாம்; மற்றவர்களுக்கு உள்ள முழுச் சலுகை, கப்பல்காரர்கள் சொல்லும் 'சைன் ஆஃப்' போல, வேலை ஒப்பந்தம் முடிந்து கணக்குத் தீர்த்துக்கொண்டு திரும்பும்போதுதான் கிடைக்கும்.

விடுப்பில் டிக்கெட்டோடு வந்த அவளுக்கோ பயணிக்குரிய 50,000 ரூபாய்ச் சலுகை இருந்தது. அவள் கொண்டுவந்த பொருள்களின் மதிப்பு 62,000 ரூபாய். மிஞ்சிய 12,000 ரூபாய்க்கு 38.5 விழுக்காடு வீதம் 4,620 ரூபாய் வரி கட்டினாள். அவள் கொண்டுவந்த மடிக்கணினி இந்தக் கணக்கில் சேரவில்லை. பதினெட்டு வயது நிரம்பிய பயணி ஒரு மடிக்கணினியை வரியின்றிக் கொண்டுவரலாம் என்ற 2004-ஆம் ஆண்டு அறிவிக்கை, பணியாளர்களை வெளிப்படையாகவே விலக்கியிருந்தது. அவள் சீருடையில் பணியாளராக வந்திருந்தால் அந்த வரிவிலக்கு கிடைத்திராது.

நகை விஷயம் நம் பக்கத்துக் குடும்பங்களில் எப்போதும் எழும். ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துத் திரும்பும் பெண்ணுக்கு 40 கிராம் வரை, ஆனால் ஒரு லட்சம் ரூபாய் மதிப்புக்குள் என்பது அன்றைய விதி. தங்கம் விற்ற விலையில் 40 கிராமை எட்டுமுன்பே ஒரு லட்சம் தாண்டிவிட்டது. இந்தியாவிலேயே வீடும் பணியிடமும் வைத்துக்கொண்டு துபாயில் ஓரிரவு தங்கிவிட்டு வருவதை வசிப்பு என்று யாரும் ஏற்க மாட்டார்கள்.

கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அடுத்த பணிக்காக நிறுவனமே இருக்கையில் உட்கார வைத்து அனுப்புவதை 'டெட்ஹெட்' என்பார்கள். அப்போது அவர் பெயர் பணியாளர் பட்டியலான ஜெனரல் டிக்ளரேஷனில் இருக்கிறதா, பயணிகள் பட்டியலில் இருக்கிறதா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

வரம்புத் தொகைகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. ஆகவே திருவனந்தபுரமோ மதுரையோ, எங்கே இறங்குவதானாலும் புறப்படும் வாரத்தில் சுங்கத்துறையின் தளத்தைப் பார்க்க வேண்டும். உடன் வரும் தோழியின் சலுகையைத் தன்னுடையதோடு கூட்டிக் காட்ட முடியாது. பில்களைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு, வரம்புக்கு மேல் ஒரு பொருள் இருந்தாலும் அறிவிக்க ஒன்றுமில்லாதவர்களுக்கான பச்சை வழியைத் தவிர்த்துச் சிவப்பு வழியில் போய்த் தாமாகவே சொல்லிவிடச் சொல்லுங்கள்.