மாமியார் சொல்வதுபோல விசா மெடிக்கலை முதலிலேயே முடித்துவிடலாமா?

கேள்வி: எனக்கு 29 வயது. கோவையில் ஒரு ஐ.டி. கம்பெனியில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். கணவர் அமெரிக்கக் குடிமகன், டாலஸில் இருக்கிறார். வருகிற ஜனவரி 24 வந்தால் எங்களுக்குத் திருமணமாகி இரண்டு வருடம் முடியும். குடியேற்ற விசாவுக்கு மும்பையில் ஆகஸ்ட் 20 இன்டர்வியூ என்று கடிதம் வந்துவிட்டது. அதற்கு முன் சென்னையில் மெடிக்கல் எடுக்க வேண்டும். "ஜூலை முதல் வாரமே போய் முடித்துவிடு, ஒரு வேலை குறையும்" என்கிறார் மாமியார். மெடிக்கல் முடிந்த கையோடு ராஜினாமாவும் கொடுத்துவிடலாமா? எனக்கு 90 நாள் நோட்டீஸ். அக்டோபருக்கு டிக்கெட் இப்போதே போட்டால் மலிவாகக் கிடைக்கிறது. மியூச்சுவல் ஃபண்டில் 9 லட்சம் இருக்கிறது, போட்டது 6.2 லட்சம், எஸ்.ஐ.பி.யைச் சென்ற ஆண்டே நிறுத்திவிட்டேன். அதை அப்படியே விட்டுவிட்டுப் போகலாமா? இன்னொன்று, சின்ன வயதில் பிரைமரி காம்ப்ளக்ஸ் வந்து மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டிருக்கிறேன். மெடிக்கலில் அது பிரச்சினையாகுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: எந்த வேலையையும் ஆறப்போடாமல் முடிப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் இந்த ஒரு வேலையைச் சீக்கிரம் முடித்தால் உங்களுக்குத்தான் நஷ்டம்.

காரணம் இது. மெடிக்கல் பொதுவாக 6 மாதம்தான் செல்லும். உங்கள் விசாவின் காலாவதி தேதியும் அதை ஒட்டித்தான் அமையும். இன்டர்வியூ நடந்த நாளிலிருந்து 6 மாதம் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள், அது தவறு. ஜூலை 6 அன்று மெடிக்கல் எடுத்தால் ஜனவரி 5 வாக்கில் விசா முடிந்துவிடும். ஆகஸ்ட் 5 அன்று எடுத்தால் பிப்ரவரி 4 வரை இருக்கும். அதற்குள் ஒருமுறை அமெரிக்காவுக்குள் நுழைந்துவிட்டால் போதும்.

ஒரு மாத வித்தியாசத்தில் என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்கலாம். உங்கள் கல்யாண நாள் அந்த ஒரு மாதத்துக்குள்தான் விழுகிறது. அமெரிக்காவுக்குள் நுழையும் நாளில் திருமணமாகி 2 வருடம் முடியாமல் இருந்தால் கிடைப்பது நிபந்தனையோடு கூடிய 2 வருட கிரீன் கார்டு. அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் ஐ-751 என்ற படிவத்தைப் போட்டு நிபந்தனையை நீக்க வேண்டும். 2024 ஏப்ரலில் மாறிய கட்டண அட்டவணைப்படி அதற்கு 750 டாலர். வக்கீல் வைத்தால் அந்தச் செலவு தனி. ஒன்றாகக் குடித்தனம் நடத்துவதற்கு வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு என்று மறுபடியும் ஒரு கட்டு காகிதம் சேர்க்க வேண்டும். ஜனவரி 24 தாண்டி, 27 அல்லது 28 அன்று போய் இறங்கினால் நேராக 10 வருடக் கார்டு. இந்தப் படிவமே கிடையாது.

ஜூலையில் மெடிக்கல் எடுத்தால் இந்த வாய்ப்பு கைவிட்டுப் போகும். ஆகஸ்ட் முதல் வாரம் எடுத்தால் பத்து நாள் போல இடைவெளி கிடைக்கிறது. ஆகவே ஆகஸ்ட் 4, 5, 6 இந்த நாட்களில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். இன்டர்வியூவுக்கு இரண்டு வாரம் முன்பு என்பது ரிப்போர்ட் வரவும் போதும். விசாவில் சிஆர்1 (2 வருடக் கார்டுக்கான வகை) என்றே அச்சாகியிருக்கும், பயப்பட வேண்டாம். விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரியிடம் திருமணச் சான்றிதழைக் காட்டி, 2 வருடம் முடிந்துவிட்டது என்று சொன்னால் ஐஆர்1 (10 வருடக் கார்டுக்கான வகை) என்று மாற்றிப் பதிவார். கேட்டு வாங்குவது உங்கள் பொறுப்பு.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இருவரும் பிரிந்திருந்தது போதும், தீபாவளிக்கே சேர்ந்திருக்க வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக முன்னாடியே போங்கள். 750 டாலருக்காகக் குடும்பத்தைக் காக்கவைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் 90 நாள் நோட்டீஸைப் பார்த்தால், எப்படியும் டிசம்பர் வரை இங்கேதான் இருக்கப்போகிறீர்கள்.

மேலே சொன்ன கணக்கு முழுவதையும் கவிழ்க்கக்கூடியது பிரைமரி காம்ப்ளக்ஸ், அதாவது சின்ன வயதில் வரும் காசநோய் ஒன்றுதான். அதனால் அதை முதலில் பாருங்கள். மெடிக்கலில் 15 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் நெஞ்சு எக்ஸ்ரே உண்டு. படத்தில் காசநோயைச் சந்தேகிக்கும்படி பழைய தழும்பு ஏதாவது தெரிந்தால், மூன்று நாள் தொடர்ந்து காலையில் சளி எடுத்துக் கல்ச்சருக்கு (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) அனுப்புவார்கள். கல்ச்சர் முடிவு வர 8 வாரம் ஆகும். இன்டர்வியூவில் எல்லாம் நன்றாகப் போனாலும் அது வரும்வரை விசா கையில் வராது. வந்த பிறகும் செல்லுபடிக் காலம் 6 மாதத்துக்குப் பதில் 3 மாதமாகச் சுருங்கலாம்.

எனவே இந்த வாரமே கோவையில் ஒரு நெஞ்சு மருத்துவரிடம் போய் எக்ஸ்ரே எடுத்துக் காட்டுங்கள். பெரிய செலவில்லை. படம் சுத்தமாக இருந்தால் ஆகஸ்ட் 5 திட்டத்தில் மாற்றமில்லை. தழும்பு இருக்கிறது என்றால் அப்போது மாமியார் சொன்னதுதான் சரி. ஜூலை முதல் வாரமே போய்விடுங்கள், அந்த 8 வாரம் எப்படியும் ஓட வேண்டும், முன்னாடியே ஓடட்டும். 10 வருடக் கார்டு கனவை மட்டும் அப்போது விட்டுவிட வேண்டியிருக்கும். உள்ளூர் மருத்துவர் சொல்வது தூதரகம் அங்கீகரித்த மருத்துவரைக் கட்டுப்படுத்தாது என்றாலும், தேதி குறிக்க அது போதும்.

பழைய நோயை மறைக்க மட்டும் நினைக்காதீர்கள். சிகிச்சை எடுத்துக் குணமான காசநோய்க்காக விசாவை மறுப்பதில்லை. அந்தக் காலத்து மருந்துச் சீட்டு அம்மா வீட்டுப் பீரோவில் எங்காவது கிடந்தால் எடுத்துப் போங்கள்.

பீரோவைக் கிளறும்போது தடுப்பூசி அட்டையையும் தேடுங்கள். எம்.எம்.ஆர்., ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ்-டிப்தீரியா, சின்னம்மை என்று வயதுக்கேற்ற பட்டியல் ஒன்று இருக்கிறது. ரெக்கார்டு இல்லாத ஊசியை அங்கேயே போட்டு, ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பணம் வாங்குவார்கள். மெடிக்கல் பில் எகிறுவது பெரும்பாலும் இங்கேதான். இரண்டு, மூன்று தவணை போட வேண்டிய ஊசியாக இருந்தாலும் இப்போதைக்கு ஒரு தவணை போட்டதாக ரெக்கார்டு இருந்தால் போதும். உங்கள் குடும்ப மருத்துவரிடம் முன்பே போட்டுக்கொண்டு, தேதியும் ஊசியின் பெயரும் எழுதி சீல் வைத்து வாங்கிக்கொள்ளலாம். சின்ன வயதில் அம்மை போட்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் ஏற்றுக்கொண்டால் சின்னம்மை ஊசி மிச்சம். கருத்தரித்திருக்க வாய்ப்பு இருந்தால் அதையும் எக்ஸ்ரேவுக்கும் ஊசிக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும், எம்.எம்.ஆர்., சின்னம்மை ஊசிகளைக் கர்ப்பிணிகளுக்குப் போடுவதில்லை.

சரி, ராஜினாமா. மெடிக்கல் முடிந்ததும் வேண்டாம், இன்டர்வியூவில் "அப்ரூவ்டு" என்று சொன்னதும் வேண்டாம். விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்து, அதில் உள்ள காலாவதி தேதியைக் கண்ணால் பார்த்த பிறகு கொடுங்கள். கூடுதல் ஆவணம் கேட்டு நிறுத்தி வைத்தால் வாரங்களா மாதங்களா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் சம்பளமும் கம்பெனி இன்சூரன்ஸும் இருப்பது பெரிய பலம். செப்டம்பரில் பாஸ்போர்ட் வந்தால், அக்டோபர் நடுவில் கடிதம் கொடுங்கள். 90 நாள் ஜனவரி நடுவில் முடியும், பொங்கலையும் இங்கேயே கொண்டாடிவிட்டுப் போகலாம். 5 வருடத்துக்கு மேல் சர்வீஸ் இருப்பதால் பி.எஃப். பணத்துக்கு இங்கே வரி கிடையாது.

மியூச்சுவல் ஃபண்டை விட்டுவிட்டுப் போகாதீர்கள். குடியேற்ற விசாவில் நுழையும் நாளிலிருந்து நீங்கள் அமெரிக்காவுக்கும் வரி கட்டுபவர். நம்மூர் மியூச்சுவல் ஃபண்டை அவர்கள் பிஎஃப்ஐசி என்ற தனி வகையில் வைத்துக் கடுமையாக வரி போடுகிறார்கள். அந்த ஃபண்டுகளுக்கென்றே வரித் தாக்கலோடு கொடுக்க வேண்டிய படிவம் 8621 வேறு. அங்கே போன பிறகு விற்றால், லாபத்தை நீங்கள் முதலில் வாங்கிய விலையிலிருந்துதான் கணக்கிடுவார்கள், கோவையில் இருந்தபோது வளர்ந்த பணம் என்ற சலுகை கிடையாது. டிசம்பருக்குள் இங்கேயே விற்றால், ஈக்விட்டி ஃபண்டாக இருக்கும் பட்சத்தில் 2.8 லட்சம் லாபத்தில் வரியில்லாத 1.25 லட்சம் போக மீதிக்கு 12.5 சதவீதம் வரி. செஸ்ஸையும் சேர்த்து சுமார் 20,000 ரூபாய் வரும். இன்று அது அதிகமாகத் தெரியலாம், அங்கே போய் ஒரு வருடம் படிவம் நிரப்பிக் கொடுப்பவருக்கே அதைவிடக் கூட ஆகும்.

இதிலும் ஜனவரியில் நுழைவதுதான் உங்களுக்குச் சாதகம்: விற்ற வருடத்தில் நீங்கள் அமெரிக்காவில் இல்லை. ஆனால் அந்த வருடத்துக்கு உங்கள் கணவர் உங்களையும் சேர்த்துக் கூட்டாக வரித் தாக்கல் செய்யத் தேர்ந்தெடுத்தால், உங்கள் லாபமும் அங்கே கணக்கில் வந்துவிடும். இரண்டு வழியிலும் எவ்வளவு என்று அவருடைய ஆடிட்டரிடம் விற்பதற்கு முன்பே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், உங்கள் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக (வெளிநாட்டில் வாழ்பவர்கள் இங்கே வைத்துக்கொள்ளும் கணக்கு) மாற்ற வங்கியில் படிவம் வாங்கி வையுங்கள்.

டிக்கெட்டை இப்போது போட வேண்டாம். மலிவாகக் கிடைப்பது பணம் திரும்பாத டிக்கெட்தான், உங்களிடம் இன்னும் விசாவே இல்லை. பாஸ்போர்ட் வந்ததும் ஜனவரி 27 வாக்கில், தேதி மாற்ற முடிகிற டிக்கெட்டாக எடுங்கள். கிளம்புவதற்கு முன் ஆன்லைனில் குடியேற்றக் கட்டணம் 235 டாலர் கட்ட வேண்டும். கட்டாவிட்டாலும் உள்ளே விடுவார்கள், கார்டுதான் வராது. கணவரின் கம்பெனியில் உங்களை ஹெல்த் இன்சூரன்ஸில் சேர்க்க எத்தனை நாள் அவகாசம் என்று அவரை இப்போதே ஹெச்.ஆரிடம் கேட்கச் சொல்லுங்கள். பல இடங்களில் 30 நாள்தான் கொடுக்கிறார்கள்.