எல்லாரும் எக்ஸ்பீரியன்ஸ் கேட்டா ஃப்ரெஷர் எங்க போறது?

அக்காவுக்கு வணக்கம். நர்ஸிங் முடிச்சு ரெஜிஸ்ட்ரேஷனும் வந்துடுச்சு. எங்க அப்ளை பண்ணாலும் ரெண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் கேக்குறாங்க. எனக்கு ஐசியுலதான் ஆசை. கூடப் படிச்சவ ஒருத்தி காசு கொடுத்து எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட் வாங்கிட்டா, நானும் வாங்கிடலாமான்னு தோணுது. இல்ல முதியோர் இல்லத்துல சேர்ந்துடட்டுமா? அங்க போனா படிச்சதெல்லாம் மறந்துடும்ங்கறாங்க. (பேர் போட வேண்டாம்)

அன்புள்ள தங்கச்சிக்கு,

சர்டிஃபிகேட் வேண்டவே வேண்டாம். மாட்டினா ரெஜிஸ்ட்ரேஷனுக்கே ஆபத்து, அது ஒரு பக்கம். மாட்டலன்னாலும் ரெண்டு வருஷம் பாத்தவங்கதானேன்னு நம்பி முதல் வாரமே நைட் டியூட்டில தனியா விட்டுடுவாங்க, யாரும் சொல்லித்தர மாட்டாங்க. ஃப்ரெஷரா போனா எத வேணா கேக்கலாம், அந்த உரிமைய காசு கொடுத்து தொலைக்கணுமா?

அந்த ரெண்டு வருஷ கணக்கும் சும்மா வந்ததில்ல. பாட்ரிசியா பென்னர்ங்கற அமெரிக்க நர்ஸிங் ஆய்வாளர் 1980கள்ல நர்ஸோட வளர்ச்சிய 5 படியா பிரிச்சாங்க, நிதானமா திட்டம் போட்டு சமாளிக்கிற மூணாவது படிக்கு வர ஒரே மாதிரி வேலைல 2, 3 வருஷம் ஆகும்னாங்க. ஆனா புதுசா பாஸானவங்கள அவங்க முதல் படில வைக்கல, ரெண்டாவதுல வச்சாங்க. ஏன்னா படிக்கும்போது ஆஸ்பத்திரி வார்டுகள்ல போஸ்டிங் போய் பாத்த பேஷன்ட் எல்லாம் கணக்குல வரும். ரெஸ்யூமேல 'கிளினிக்கல் போஸ்டிங் முடித்துள்ளேன்'னு ஒத்த வரி போட்டு விட்டுடாதீங்க, எந்த வார்டு, எத்தன வாரம், கைப்பட என்ன செஞ்சீங்கன்னு எழுதுங்க. பிஎல்எஸ் (மூச்சு, இதயம் நின்னா செய்ற உயிர்காக்கும் முதலுதவிப் பயிற்சி) கார்டு இருந்தா தேதி பாத்துக்கோங்க, பெரும்பாலும் 2 வருஷம்தான் செல்லும்.

இன்டர்வியூல ஃப்ரெஷர்கிட்ட திறமைய விட, இவங்க கையில பேஷன்ட் பத்திரமா இருப்பாங்களான்னுதான் பாப்பாங்க. பேஷன்ட் கீழ விழுந்துட்டாரு என்ன பண்ணுவீங்கன்னு கேட்டா பாதிப் பேரு 'தூக்கி பெட்ல படுக்க வைப்பேன்'பாங்க, போச்சு. தூக்கக்கூடாது, பக்கத்துலயே இருந்து ஆள் கூப்பிடணும், நினைவும் மூச்சும் இருக்கான்னு பாக்கணும், தலைல இடுப்புல அடி பட்டிருக்கான்னு பாக்கணும், வைட்டல்ஸ் (பிபி, பல்ஸ், மூச்சு, டெம்பரேச்சர்) எடுத்து டாக்டர்கிட்ட சொல்லி சார்ட்ல எழுதணும். டாக்டர் எழுதின டோஸ் சந்தேகமா இருந்தா? அவர்கிட்ட திரும்ப கேக்காம கொடுக்க மாட்டேன்னு தயங்காம சொல்லுங்க, வார்டு இன்சார்ஜுங்களுக்கு பிடிச்ச பதில் அதுதான்.

முதியோர் இல்லத்துக்கு போனா மறந்துடும்னு சொன்னவங்க அங்க வேலை பாத்திருக்க மாட்டாங்க. இன்சுலின், கேத்தீட்டர் (யூரின் டியூப்), டியூப் ஃபீடிங், படுக்கைப்புண்ணுன்னு தினமும் இருக்கும். வயசானவங்களுக்கு யூரின் இன்ஃபெக்ஷனோ நிமோனியாவோ வந்தா சில நேரம் காய்ச்சலே இருக்காது, திடீர்னு குழம்பிப் பேசுவாங்க, அவ்வளவுதான். அத கண்டுபிடிக்க பழகின கண்ணு நாளைக்கு ஐசியுலயும் உதவும். எனக்கு பயம் வேற விஷயத்துல, சில இடத்துல நைட்ல சீனியரே இருக்க மாட்டாங்க. அதனால சேர்றதுக்கு முன்னாடி நைட்ல ஒரு நர்ஸுக்கு எத்தன பேஷன்ட், கூட யார் இருப்பாங்க, எத்தன வாரம் ட்ரெய்னிங்னு கேளுங்க. முதல் நாள்லயே தனியான்னா சம்பளம் எவ்ளோன்னு கூட கேக்காம வந்துடுங்க.

ஐசியு ஆசைய விட வேண்டாம். சில ஆஸ்பத்திரில ஃப்ரெஷரையே ட்ரெய்னிங் கொடுத்து எடுப்பாங்க, இல்லன்னா மெடிக்கல் வார்டுல சேர்ந்து அங்கேர்ந்து மாறலாம்.

இன்னொன்னு, போஸ்டிங் போன வார்டோட இன்சார்ஜ நேர்ல போய் பாத்தீங்களா? நீங்க வேலை செஞ்சத கண்ணால பாத்தவங்க அவங்கதான், லெட்டர்ல அவங்களப் பத்தி ஒரு வரி கூட காணோமே.