மொட்டைமாடி ஆன்டெனா: கேள்வி பதில்

கேள்வி: பெட்டியில் "200 கிலோமீட்டர்" என்று அச்சடித்த ஆன்டெனா ஒன்று பார்த்தேன். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். டவர் எவ்வளவு உயரம், என்ன சக்தியில் ஒளிபரப்புகிறது, நடுவில் மலையோ கட்டடமோ நிற்கிறதா என்று எதுவுமே தெரியாமல் பெட்டிக்காரர் கிலோமீட்டர் சொல்கிறார். பூமி உருண்டை, டிவி அலை ஏறக்குறைய நேராகப் போகும். உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12-ஆல் பெருக்குங்கள், அலையின் தொடுவானம் கிலோமீட்டரில் வரும். 150 மீட்டர் டவருக்குச் சுமார் 50, 10 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆன்டெனாவுக்கு 13. மொத்தம் 63. வானிலையின் தயவில் சில நாள் அதற்கு அப்பாலிருந்தும் வரும். அந்தச் சில நாளை நம்பிக் காசைப் போடாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது சார்?

பதில்: இரண்டே விஷயம்: டவர் எந்தத் திசையில், எந்த அலைவரிசையில். 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 500 மெகாஹெர்ட்ஸ் என்றால் 60 செ.மீ., அதில் பாதி 30. 200 மெகாஹெர்ட்ஸில் பாதி அலைநீளம் 75 செ.மீ. ஆகிவிடும். ஓரடிக் குச்சிகள் மட்டும் உள்ள யுஎச்எப் (300 மெகாஹெர்ட்ஸுக்கு மேல்) ஆன்டெனாவை மாட்டிவிட்டு விஎச்எப் (அதற்குக் கீழ்) சேனல் வரவில்லை என்று புலம்புபவர்கள் முதலில் குச்சியை அளந்து பார்க்கட்டும்.

எல்லா டவரும் ஒரே திசையில் இருந்தால் யாகி வகை (ஒரு தண்டில் வரிசையாகக் குச்சிகள் உள்ளது) போதும். 1920-களில் ஜப்பானில் பிறந்தது. உழைப்பு பெரும்பாலும் ஷின்டாரோ உடாவுடையது. பெயரென்னவோ பேராசிரியர் யாகிக்குப் போய்விட்டது. அதன் குட்டையான குச்சிகள் இருக்கும் முனை டவரைப் பார்க்க வேண்டும். தலைகீழாக மாட்டியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். சேனல்கள் விஎச்எப், யுஎச்எப் இரண்டிலும் பரவிக் கிடந்தால் லாக் பீரியாடிக் (குச்சிகளின் நீளம் படிப்படியாகக் குறையும் வகை) பாருங்கள். சிக்னலைக் குவிக்கும் திறன் குறைவு, பிடிக்கும் அலைவரிசைகள் அதிகம். குச்சிகள் படுத்திருக்க வேண்டுமா, நிற்க வேண்டுமா என்பது டவர் எப்படி அனுப்புகிறதோ அதைப் பொறுத்தது.

கேள்வி: 4கே டிவிக்கு டிஜிட்டல் ஆன்டெனா தனியாக வேண்டுமா?

பதில்: ஆன்டெனாவுக்கு டிஜிட்டலும் தெரியாது, அனலாகும் தெரியாது. அது அலையைப் பிடிக்கும், அவ்வளவுதான். டிவியின் டியூனர் (சேனலைப் பிரித்தெடுக்கும் பகுதி) உங்கள் நாட்டின் முறைக்கு (டிவிபி-டி2, ஏடிஎஸ்சி, ஐஎஸ்டிபி-டி) பொருந்துகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பழைய டிஷ் மாடியில் சும்மா கிடக்கிறது. அதையே திருப்பி வைக்கலாமா?

பதில்: முடியாது. அது செயற்கைக்கோளுக்கு. கம்பத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிக்னலைப் பெருக்கும் பூஸ்டரைக் கம்பத்தில் வைக்கச் சொல்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நான் டிவிக்குப் பின்னால்தான் வைத்திருக்கிறேன், நன்றாகவே வேலை செய்கிறது.

பதில்: செய்யும், மறுக்கவில்லை. முழுப் பலன் வராது என்கிறேன். ஆன்டெனாவிலிருந்து டிவிக்கு வரும் ஆர்ஜி6 கேபிள் 30 மீட்டர் ஓடினால் யுஎச்எப்பில் சுமார் 6 டெசிபல், அதாவது சிக்னலின் சக்தியில் முக்கால் பங்கு, கரைந்துவிடும். கரைந்த பிறகு பூஸ்டர் வைத்தால், மெலிந்த சிக்னலோடு இரைச்சலும் (படத்தைக் கெடுக்கும் வேண்டாத சிக்னல்) சேர்ந்து பெருகும்.

கேள்வி: பெருக்கினால் பெருகத்தானே போகிறது? கேபிளுக்கு முன்னால் என்ன, பின்னால் என்ன?

பதில்: கணக்காகவே சொல்கிறேன். பூஸ்டரின் சொந்த இரைச்சல் 3 டெசிபல் என்று வையுங்கள். கேபிளுக்குப் பின்னால் வைத்தால் கேபிளின் 6-ம் சேர்ந்து 9. கம்பத்திலேயே வைத்தால் ஏறக்குறைய அந்த 3-தான். கேபிளின் இழப்பைப் பூஸ்டரின் பெருக்கம் ஈடுகட்டிவிடும். டிஜிட்டலில் இந்த 6 டெசிபல்தான் முழுப் படத்துக்கும் கறுப்புத் திரைக்கும் உள்ள வித்தியாசமாக இருக்கலாம். உங்கள் டியூனர் பூஸ்டரைவிட இரைச்சலானது, அதனால்தான் பின்னால் வைத்தும் கொஞ்சம் முன்னேற்றம் தெரிகிறது.

கேள்வி: நானும் கம்பத்தில் வைத்தேன். இருந்த சேனலும் போயிற்று!

பதில்: டவர் பக்கத்தில் இருக்கிறதா? அப்படியானால் பூஸ்டர் திணறுகிறது, கழற்றிவிடுங்கள். அருகில் செல்போன் டவர் இருந்தாலும் இதே கதிதான். பூஸ்டருக்கு முன்னால் 4ஜி வடிகட்டி போட வேண்டும். பூஸ்டர் இல்லாமல் ஒருமுறை பாருங்கள், பிறகு வாங்குங்கள் என்று நான் கத்துவது இதற்காகத்தான்.

கேள்வி: 150 கிலோமீட்டர் இழுக்கும் ஆன்டெனா எது அண்ணா?

பதில்: முதல் பதில்.

கேள்வி: ஒரே ஆன்டெனாவில் நான்கு டிவி?

பதில்: நான்கு வழி ஸ்பிளிட்டரில் ஒவ்வொரு டிவிக்கும் சுமார் 7 டெசிபல் குறையும். சிக்னல் தாராளமாக இருந்தால் சரி. இல்லையென்றால் பூஸ்டர், அதுவும் ஸ்பிளிட்டருக்கு முன்னால்.

கேள்வி: கம்பம் நடும்போது கவனிக்க வேண்டியது?

பதில்: மின்கம்பி! கம்பம் சாய்ந்தால் எந்தப் பக்கம் விழுந்தாலும் கம்பியைத் தொடாத தூரத்தில் நடுங்கள். கம்பத்தையும் கேபிளின் உலோக உறையையும் எர்த் செய்து, அதை வீட்டு எர்த்தோடு இணையுங்கள். நேரடி இடி விழுந்தால் இது டிவியைக் காப்பாற்றாது. மழை கறுத்தால் கேபிளைக் கழற்றிவிடுங்கள், இடி தொடங்கிய பிறகு அதைத் தொடாதீர்கள்.

கேள்வி: இரண்டு ஆன்டெனாவை இணைத்தால் 300 கிலோமீட்டர் வருமா?

பதில்: ஒரே மாதிரி இரண்டைச் சரியாக இணைத்தால் அதிகபட்சம் 3 டெசிபல் கூடும். கிலோமீட்டர் என்று இனி யார் கேட்டாலும் பதில் இல்லை.